கொளஞ்சியப்பர் கோயிலில் என் மேல் ஒரு பிராது

முல்லை நகர்,
விருத்தாசலம்.
9.11.2009

அன்புள்ள மகள் இனியாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் நலமாக இருக்கிறோம், கடவுள் கிருபையால் என்று போடுகிற பழக்கம் எனக்குக் கிடையாது என்பது உனக்குத் தெரியும், ஆனாலும் இந்தக் கடிதத்தில் சாமி சங்கதி நிறைய வரும், உன் ஆஸ்பத்திரி சிநேகிதிகளிடம் சொல்லிச் சிரிக்காதே. உன் உடம்பு எப்படி இருக்கிறது, நைட் டியூட்டி குறைந்ததா, மணிக்கட்டு வலி எப்படி என்று எழுது. அயர்லாந்தில் எந்நேரமும் மழை என்று அலுத்துக்கொள்கிறாயே, இங்கே ஐப்பசி அடைமழையில் கொல்லைப்பக்க முருங்கை சாய்ந்து பாலகிருஷ்ணன் வீட்டுச் சுவரில் ஓய்வெடுக்கிறது. நேற்று ஞாயிற்றுக்கிழமைதானே போனில் பேசினோம், அதற்குள் கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் சொல்ல முடியாத விஷயம் ஒன்று இருக்கிறது, அதை உன் அம்மா பக்கத்தில் நிற்கும்போது சொல்ல முடியாது, அவள் இப்போதெல்லாம் பக்கத்தைவிட்டு நகர்வதே இல்லை.

முதலில் நம் நகருக்கு ஃபைபர் வருகிற கூத்தைச் சொல்கிறேன். ஆடி மாதம் வந்து ரோட்டோரம் முழுக்கப் பள்ளம் தோண்டினார்கள். தலைமயிர் கனத்தில் ஒரு கண்ணாடி இழை வரும், அதில் வெளிச்சம் ஓடும், அந்த வெளிச்சத்தில் படம் பேச்சு எல்லாம் வரும் என்று கேபிள் கம்பெனி சூப்பர்வைசர் விருத்தகிரி விளக்கினான். பீங்கான் சூளையிலேயே காலம் தள்ளியவனிடம் கண்ணாடி வளையும் என்றால் விடுவேனா, போடா பொடிப்பயலே என்றேன். அவன் ஒரு துண்டைக் கொண்டுவந்து மோதிரம் மாதிரி விரலில் சுற்றிக் காட்டினான், வாங்கி நானும் ஒரு தடவை சுற்றிப் பார்த்தேன். உன் அம்மாவுக்கு நான் சாடையில் விளக்கியதும் அவள் தன் தலையிலிருந்து ஒரு நரைமுடியைப் பிடுங்கி டியூப்லைட் பக்கம் தூக்கிப் பிடித்தாள், உன் பெயருக்கு அவள் வைத்திருக்கிற சாடையாகக் கன்னத்துக் குழியைத் தொட்டாள், அதாவது இதுக்குள்ள இனியா வருவாளா என்று கேட்டாள். வருவாள் என்றேன். அந்தத் தேதியிலிருந்து நமக்குச் சனி பிடித்தது. பள்ளம் பால் சொசைட்டி முக்கு வரைக்கும் வந்து நின்றுவிட்டது. ரோட்டைக் குறுக்கே வெட்டப் பெர்மிஷன் வரலியாம். பள்ளத்தில் மழைத் தண்ணீர் நின்று தவளை கச்சேரி நடக்கிறது, தொழிற்பேட்டையிலிருந்து ரிஜெக்ட் ஆன வாஷ்பேசின்களைக் கொண்டுவந்து கவிழ்த்துப் போட்டு, அதன்மேல் கால் வைத்துத்தான் அவரவர் வீட்டுக்குள் போகிறோம். விருத்தகிரியைக் கேட்டால் அடுத்த வாரம் வந்துடும் சார் என்கிறான், அவனுடைய காலண்டரில் அடுத்த வாரத்தைத் தவிர வேறு வாரமே இல்லை. நம் நகர்ச் சங்கத் தலைவர் பாலகிருஷ்ணன் ஃபைபரை நம்பி கம்ப்யூட்டர் வாங்கி, அதற்கு அவர் சம்சாரத்தின் பட்டுப்புடவையைப் போர்த்தி வைத்திருக்கிறார், ஆயுத பூஜைக்குப் பொட்டு வைத்ததோடு சரி, இன்னும் அதை யாரும் தொடவில்லை.

மற்றவர்களுக்கு ஃபைபர் வந்தால் கிரிக்கெட், ஷேர் மார்க்கெட், ஜாதகப் பொருத்தம். எனக்கு அப்படியா. விருத்தகிரியிடம் நேராகவே சொன்னேன், தம்பி, எங்க வூட்டுக்காரிக்குப் பொறவியிலேயே காது கேக்காது, பேச்சும் வராது, அவ பொண்ணுகிட்டப் பேசணும்னா ரெண்டு பேருக்கும் கை தெரியணும்பா, போனு அவளுக்குக் கட்டைக்குச் சமம் என்றேன். அவன் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது, ஆனால் பள்ளம் ஒரு அடிகூட நகரவில்லை. ஜங்ஷன் ரோடு பிரவுசிங் சென்டருக்கு அவளைக் கூட்டிப்போனது ஞாபகம் இருக்கிறதா. படம் வந்ததும் நீ கையை வாய்ப்பக்கம் கொண்டுபோனாய், அப்படியே உறைந்துவிட்டது. நீ சாப்பிட்டேன் என்று சொல்ல வந்தாய், அவள் பசிக்குது என்று எடுத்துக்கொண்டு அங்கேயே அழ ஆரம்பித்துவிட்டாள், அடுத்த அறையில் கேம் ஆடிக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் எட்டிப் பார்த்தார்கள். அன்றைக்குச் சத்தியம் செய்துவிட்டாள், அந்தக் கடைப் படியை இனி மிதிக்க மாட்டாளாம். நீ அயர்லாந்தில் அந்தக் கார்க் ஊருக்குப் போன பிறகு உன்னோடு அவள் பேசிய ஒரே பேச்சு அந்தப் பாதிப் பேச்சுதான்.

இந்த நிலைமையில்தான் நகர்ச் சங்கக் கூட்டத்தில் எதிர்வீட்டுச் சொர்ணாம்பாள் யோசனை சொன்னாள். கலெக்டர் ஆபீசுல மனு குடுத்து என்னாத்தக் கண்டோம் சார், கொளஞ்சியப்பரு கோயில்ல பேப்பருல பிராது எழுதிக் கட்டிடுவோம், அவரு மூணு மாசத்துல முடிச்சிக் குடுத்துடுவாரு என்றாள். கூட்டம் மொத்தமும் கைதட்டியது. யார் எழுதுவது என்றதும் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பீங்கான் கம்பெனியில் யூனியன் செக்ரட்டரியாக இருந்தவன், மனு எழுதுவதில் இந்த டவுனில் என்னை மிஞ்ச ஆளில்லை, பீற்றிக்கொள்ளவில்லை, உள்ளதைச் சொல்கிறேன். நான் பக்தனாக வரவில்லை, ரைட்டராக வருகிறேன் என்று முன்கூட்டியே அறிவித்துவிட்டு கோயில் இருக்கிற மணவாளநல்லூருக்கு எல்லோருடனும் போனேன். மேற்படி கேபிள் கம்பெனியார் வாக்குத் தவறியதால் முல்லை நகர்வாசிகள் சொல்லொணாத் துயரம் அடைந்துள்ளபடியால், கொளஞ்சியப்பர் சமூகம் தயவுகூர்ந்து ஆவன செய்யவேண்டும் என்று எழுதி முடித்தேன். அடேங்கப்பா, கவர்ன்மெண்ட் ஆர்டராட்டம் இருக்குது என்று பாலகிருஷ்ணனே மெச்சினார். கோயிலிலிருந்து நம் நகர் எத்தனை கிலோமீட்டர் என்று கேட்டு, சாமி வந்துபோக அதற்குத் தக்கபடி படிக்காசு வாங்கினார்கள், சாமிக்கும் டி.ஏ. உண்டு போலிருக்கிறது.

வேலை முடிந்தது என்று பேனாவை மூடப் போனேன். உன் அம்மா என் கையைப் பிடித்தாள். இன்னொரு பேப்பர் எடு, எனக்குத் தனியாக ஒரு பிராது இருக்கிறது என்று சாடை காட்டினாள். யார் மேல் என்றேன். விரலை நீட்டி என் நெஞ்சில் குத்தினாள். தமாஷ் என்று நினைத்தேன், கண்ணைப் பார்த்தால் தமாஷாக இல்லை. அவள் கையால் சொல்லச் சொல்ல நானே எழுதினேன், உலகத்தில் எந்தப் பிரதிவாதிக்கும் இந்தக் கதி வரக்கூடாது. பொண்ணு அரை மணி நேரம் பேசுகிறாள், இவர் ஊம் கொட்டுகிறார், சிரிக்கிறார், ஒரு தடவை கண்ணைத் துடைத்துக்கொண்டார், போனை வைத்ததும் எனக்குக் காட்டுவது இரண்டே சாடை, நல்லா இருக்கா, சாப்ட்டா, மீதிப் பேச்சையெல்லாம் இவரே விழுங்கிவிடுகிறார், அதை இவரிடமிருந்து வாங்கித் தரவேண்டும். இவ்வளவுதான் பிராது. எழுத்துக் கூட்டி என் பெயரைச் சரிபார்த்தாள், இனிஷியல் விட்டுப்போயிருக்கிறது என்று தட்டிக் காட்டினாள், வேறு யாரோ மாணிக்கவேல் மேல் சாமி பாய்ந்துவிடக் கூடாதாம். சொர்ணாம்பாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். நானும் சிரித்துத்தான் வைத்தேன். ஆனால் பஸ்ஸில் திரும்பி வரும்போது எனக்கு ஒரு மாதிரியாக இருந்தது, இனியா. நீ பேசுவதில் பாதி அம்மாகிட்ட சொல்லாதீங்கப்பா என்று முடிகிறது, மீதிப் பாதியைக் கையால் சொல்லச் சோம்பல், அதுவும் நியூஸ் நேரம் வேறு. அவள் அதையெல்லாம் எதிரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள்.

சாமிக்குப் பயப்படுகிறவன் இல்லை நான், உன் அம்மாவுக்குப் பயப்படுகிறேன், அதில் வெட்கமில்லை. அதனால் நீ கூப்பிட்டதும் செல்லை ஸ்பீக்கரில் போட்டு ஊறுகாய் போடுகிற பீங்கான் ஜாடிக்குள் நிறுத்திவிட்டு, இரண்டு கையாலும் நீ சொல்வதை அப்படிக்கப்படியே அவளுக்குச் சொல்லிக்கொண்டே வருகிறேன். என்னப்பா கிணத்துக்குள்ள இருந்து பேசுறாப்புல இருக்குது என்று கேட்டாயே, அது கிணறு இல்லை, ஜாடி. நீயோ பஞ்சாயத்து போர்டு குழாயில் தண்ணி வந்த மாதிரி கொட்டுகிறாய், என் தோள்பட்டை கழன்று போகிறது, டாக்டரிடம் போனால் என்ன வேலை செய்யறீங்க என்று கேட்கிறார், ஃபைபர் வேலை செய்கிறேன் என்றா சொல்வது. உன் வார்டில் வம்பு பண்ணுகிற கிழவர், பக்கத்து அறைக்காரி உன் ரசத்தைத் திருடிக் குடித்தது எல்லாம் அவளுக்கு இப்போது அத்துப்படி. அந்த ரசக் கதைக்கு அவள் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, கல்யாணமான புதிதில் பார்த்தது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நேற்று நீ வழக்கம்போல, அம்மாகிட்ட சொல்லாதீங்கப்பா, படியில வழுக்கி வுழுந்துட்டேன், மணிக்கட்டுல கட்டுப் போட்டிருக்குது என்றாய். உன் பேச்சு முடிவதற்குள் என் கை சொல்லி முடித்துவிட்டது, சொல்லாதீங்கப்பா என்றதையும் சேர்த்து. அவள் எழுந்து வந்தாள். ஜாடிக்குள் கைவிட்டு செல்லை எடுத்தாள். இத்தனை வருஷத்தில் அதை அவள் தொட்டதே கிடையாது. சின்ன வயதில் ஸ்கூலில் பிள்ளைகள் சிரித்தார்கள் என்று குரலையே மூட்டை கட்டிப் போட்டவள், உன்னைத் தொட்டிலில் போட்டபோதுகூட வாயைத் திறக்காதவள், செல்லை வாய்க்கு நேராகப் பிடித்துக்கொண்டு உன் பெயரைச் சொன்னாள். என் வாயைப் பார்த்துக் கற்று வைத்திருப்பாள் போல, எப்போது கற்றாள் என்று எனக்குத் தெரியாது. அதற்கு நீ, லைனு ரொம்பக் கரகரங்குதுப்பா, வெச்சிட்டுத் திரும்பப் போடுறேன் என்று வைத்துவிட்டாய். உன்மேல் தப்பில்லை, அந்தக் குரலை நீ கேட்டதே இல்லையே. ஆனால் அவள் என் முகத்தைப் பார்த்து, என்ன சொன்னா என்று கேட்டாள். கேட்டுட்டு அழுதாள், சந்தோஷப்பட்டாள் என்று சொல்லிவிட்டேன். பிராதுக்குப் பிறகு நான் சொன்ன ஒரே பொய் இதுதான். ராத்திரி சாப்பிடும்போதும் இரண்டு தடவை கேட்டாள், இரண்டு தடவையும் அதையே சொன்னேன்.

பொங்கலுக்குள் ஃபைபர் வந்துவிடும் என்கிறான் விருத்தகிரி, வந்தால் பார்ப்போம். கம்பெனி மேலும் என் மேலும் கேஸ் நிலுவையில் இருக்கிறது, வாபஸ் வாங்குவது பற்றி உன் அம்மா மூச்சுவிடவில்லை. கைக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு, நீயே நர்ஸ், உனக்கு நான் சொல்கிறேன். படியில் பார்த்து இறங்கு, சம்பளத்தை மிச்சம் பிடிக்கிறேன் என்று அரை வயிற்றோடு தூங்காதே. தீர்க்காயுசாக, நோய்நொடி இல்லாமல் இரு, இதைச் சொல்ல எனக்குச் சாமி சிபாரிசு தேவையில்லை. இந்தக் கடிதம் வந்து சேர்ந்ததை மட்டும் போனில் சொல்லித் தொலைக்காதே, என் கை தானாகச் சொல்லிவிடும். ஒன்றே ஒன்றை மறக்காதே, ஞாயிற்றுக்கிழமை அந்தக் கரகரச் சத்தம் மறுபடி வந்தால் போனை வைத்துவிடாதே.

இப்படிக்கு,
உன் அன்பு அப்பா,
சி. மாணிக்கவேல்