அலமாரியைப் பூட்ட மாட்டேன்

ஆம்பூர்,
புதன்கிழமை.

அன்புள்ள ஷெரின் அப்பாவுக்கு,

கர்த்தருடைய கிருபையால் நானும் பாப்பாவும் இங்கே சுகம். எத்தியோப்பியாவில் நீங்களும் அப்படியே இருக்க ஜெபிக்கிறேன். போனில் என்னைப் பேசவே விடவில்லை நீங்கள். "எழுதிக் குடுத்துட்டு வேலயப் பாரு" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டீர்கள். அதனால்தான் இந்தக் காகிதம். இதற்குக் குறுக்கே பேச முடியாதல்லவா? லீவு முடிந்து வெள்ளிக்கிழமை அங்கே கிளம்பும் ஜியாவுல்லா பாயிடம் கொடுத்தனுப்புகிறேன். கூடவே எலுமிச்சை ஊறுகாயும் இருக்கிறது. முதலில் கடிதத்தைப் படியுங்கள், பிறகு ஊறுகாயைத் திறக்கலாம்.

பாப்பாவுக்கு இருமல் விட்டுவிட்டது. மழைக்குப் பின்பக்க ஓடு ஒழுகுகிறது, அது கிடக்கட்டும்.

நான் வேலை பார்க்கும் கம்பெனி குழந்தைகள் காப்பகத்தில் கண்ணாடி அலமாரி நிறையப் படப் புத்தகங்கள் இருப்பது உங்களுக்குத் தெரியும். ஷூ வாங்கும் வெளிநாட்டுக்காரர்கள் கம்பெனியைச் சோதிக்க ஆடிட்டுக்கு வரும் நாளில் அவற்றை எடுத்துப் பாயில் பரப்புவோம். அவர்கள் கார் கேட்டைத் தாண்டியதும் துடைத்து உள்ளே வைத்துப் பூட்டிவிட வேண்டும். புத்தகத்தின் பக்கம் வரும் பிள்ளையிடம், "தொடாத, கையப் பின்னாடி கட்டு" என்று சொல்ல வேண்டும். அதுதான் அங்கே சட்டம்.

போன மாதம் வந்தவர் ஒரு பெண்மணி. செருப்பைக் கழற்றிவிட்டுப் பாயில் உட்கார்ந்தார். யானைப் படம் போட்ட புத்தகத்தை விரித்துப் பிள்ளைகளிடம் நீட்டினார். ஒன்று பாக்கியில்லாமல் எல்லாப் பிள்ளைகளும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டன. நம் ஷெரினும்தான். எவ்வளவு ஒழுக்கமான பிள்ளைகள் என்று அந்தம்மா மெச்சிவிட்டுப் போனார். எச்.ஆர். ஹேமலதா மேடத்துக்கு முகமெல்லாம் சிரிப்பு.

அன்றைக்கு நான் பூட்டவில்லை. அதன் பிறகு தினமும் பிள்ளைகள் பால் குடித்ததும் ஒரு கதை. தையல் பிரிவில் இருக்கிறாளே கௌசர், அவள் மகள் இரத், மூன்று வயது. வீட்டில் உருதுதான் பேச்சு. முதலில் புத்தகத்தை முகர்ந்து பார்த்தாள், கடித்தும் பார்த்தாள். இப்போது பொம்மையை மடியில் உட்கார வைத்துப் பக்கம் புரட்டி, யானை தண்ணிக்குப் போகுது, முதலை இருக்குது, போகாத யானை என்று தமிழில் கதை சொல்கிறாள். ஓர் எழுத்துகூடத் தெரியாது அவளுக்கு. சாப்பாட்டு நேரத்தில் கதவோரம் நின்று கேட்ட கௌசர் என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

புத்தகம் கிழியாதா என்பீர்கள். கிழிந்தது. கட்டிங் பிரிவில் கூட்டித் தள்ளும் லைனிங் தோல் துண்டுகளைக் கேட்டு வாங்கி, சொல்யூஷன் தடவி ஒட்டினேன். ஷூவே ஒட்டி நிற்கிறது, புத்தகம் நிற்காதா? அதைப் பார்த்துத்தான் மேடம் பிடித்துக்கொண்டார். கம்பெனி புத்தகத்தைக் கெடுத்தேனாம், கம்பெனி தோலை எடுத்தேனாம். எழுத்தே தெரியாத பிள்ளைகளுக்குப் புத்தகம் எதற்கு என்று கேட்டார். நடக்கத் தெரிந்த பிறகா மேடம் பிள்ளையைத் தரையில் விடுகிறோம் என்று நானும் கேட்டேன். தப்பு செய்துவிட்டேன், இனி அலமாரியைத் திறக்க மாட்டேன் என்று திங்கட்கிழமைக்குள் எழுதிக் கொடுக்க வேண்டுமாம். இல்லையென்றால் வேலை கிடையாதாம். அதோடு விட்டாரா?

"உன் வீட்டுக்காரர அங்க அனுப்பினதே நம்ம கம்பெனிதான். ஞாபகம் வெச்சுக்கோ."

இதைத்தான் போனில் சொல்ல வந்தேன். உங்களுக்கு அதற்குள் யாரோ சொல்லிவிட்டார்கள் போலிருக்கிறது. உங்கள் பயம் எனக்குப் புரிகிறது. எனக்கும் பயம்தான், இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் ஒன்று கேட்கிறேன். நீங்கள் கூப்பிடும்போதெல்லாம் ஏபிசிடி சொல்லு என்று பிள்ளையை மிரட்டுகிறீர்கள். அவள் போன் அடித்தாலே கட்டிலுக்கடியில் போய்விடுகிறாள். அதே பிள்ளை நேற்று தானாகவே ஒரு புத்தகத்தை இழுத்துக்கொண்டு வந்து என் மடியில் ஏறினாள். இதை நான் யாருக்காக விட்டுக்கொடுப்பேன்? மேடத்துக்காகவா?

எழுதிக் கொடுக்க மாட்டேன். வேலையை விட்டு அனுப்பினால் அனுப்பட்டும். ராணிப்பேட்டை வரைக்கும் கம்பெனிகள் இருக்கின்றன, எனக்குத் தையல் மெஷின் தெரியும். போவதற்கு முன் மேடம் முகத்தைப் பார்த்து இதை என் வாயால் சொல்லிவிட்டுத்தான் போவேன். கௌசரும் அவளோடு தைக்கும் அன்வரி பேகம் அக்காவும் தையல் லைனை விட்டுவிட்டு என்னோடு மேடத்திடம் வருவதாகச் சொல்கிறார்கள். வந்தால் சந்தோஷம். வராவிட்டாலும் நான் போவேன்.

உங்களையும் அங்கே கூப்பிட்டு விசாரிப்பார்கள். என் பெண்டாட்டி செய்தது சரிதான் என்று நீங்கள் சொன்னால், அதைவிட எனக்கு வேறொன்றும் வேண்டாம். அந்த அளவுக்கு முடியாவிட்டால் பேசாமல் இருங்கள், கோபித்துக்கொள்ள மாட்டேன். எனக்காக நீங்கள் மன்னிப்பு மட்டும் கேட்டுவிடாதீர்கள்.

வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள். கர்த்தர் உங்களுக்குச் சுகத்தோடு தைரியத்தையும் தரட்டும்.

இப்படிக்கு
உங்கள் பிரிசில்லா