கொற்றி நங்கை பிடித்த விரல்

வேங்கைமலை நாட்டில் மழை வழுவாது பொழிக. பிள்ளைகளின் நெஞ்சில் எழுத்து நிலைக்க. அந்நாடாளும் அரசி எழினிப்பிராட்டியார் திருவாய் மலர்ந்தருளியபடி, அமைச்சன் மதிவாணராயன், கரும்பாற்றூர்ப் பள்ளித் தலைவர் வில்லவராயருக்கு, அவர்தம் ஊரும் ஏரியும் நலமுற வாழ்த்தி விடுக்கும் ஓலை.

தங்கள் பள்ளியில், கண் தெரியாத சிறுமி பூவாத்தாளுக்குத் துணையாக இருந்த கொற்றி நங்கை அரசவைக்கு வந்தாள். தன்மேல் தானே குறை சொல்ல வந்தவரை இந்த அவை இதுவரை கண்டதில்லை. எல்லாரும் அடுத்தவர்மேல் சொல்லத்தான் வருவார்கள்.

பிள்ளை அழாமல் பார்த்துக்கொள் என்பது ஒன்றே தாங்கள் அவளுக்குச் சொல்லிக்கொடுத்த பாடம். அதை அவள் உயிரைக் கொடுத்துச் செய்தாள். மணல் தட்டில் எழுதும் வேளையில் பின்னே அமர்ந்து, சிறுமியின் விரலைப் பிடித்து நடத்தினாள். கோடு கோணுமுன் திருத்தினாள், விரல் தயங்குமுன் இழுத்துச் சென்றாள். பூவாத்தாள் எழுத்து முத்துமுத்தாக இருக்கிறதென்று ஊரே மெச்சிற்று. கொற்றிக்கும் உச்சி குளிர்ந்தது. எழுதியது தன் கைதான் என்று அவளுக்கே தோன்றவில்லை, பாவம்.

தேர்வு நாளில் துணையர் சுவரோரம் ஒதுங்கி நிற்பது நம் நாட்டு வழக்கம். அன்று பூவாத்தாள் மணலுக்கு மேலே விரலை நீட்டி, பின்னிருந்து கை வருமென்று காத்திருந்தாள். வரவில்லை. அக்கா, பிடி என்று மெல்லக் கேட்டாளாம். கொற்றி சுவரை விட்டு அவளிடம் ஓடப் பார்த்தாள். காவலர் அவளை நகர விடவில்லை. இவளுக்குக் கல்வி ஏறாது என்று தேர்வாளர் ஒரு சொல்லில் முடித்தார். தாங்களும் மாலைக்குள் தந்தையை அழைத்து மகளை ஒப்படைத்துவிட்டீர். எத்தனை சுறுசுறுப்பு! அன்று முதல் அப்பிள்ளை மணலைத் தொடுவதேயில்லை.

பிள்ளைக்கு அறிவு குறைவில்லை, என் கைக்குத்தான் விலகத் தெரியவில்லை, அவளை மீண்டும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று கொற்றி விண்ணப்பித்து அழுதாள். அரசியார் இசைந்து, அவளையே மறுபடியும் துணையாக அமர்த்துவதாக அருளினார். கொற்றி தலையசைத்து மறுத்தாள். அவள் திணறுவதைக் கண்டு என்னால் பொறுக்க முடியாது, மறுபடியும் பிடித்துவிடுவேன் என்றாள். அரசியார் கண்ணைத் துடைத்துக்கொண்டதை அவை முழுதும் கண்டது.

ஆகையால் கட்டளை இது. பூவாத்தாளைப் பள்ளியில் மீண்டும் சேர்ப்பீராக. இத்தகைய பிள்ளைகளுக்குக் கற்பிக்கப் பயின்ற சிறப்பாசிரியை நல்லமங்கை அங்கு வருகிறார். மரத்தில் செதுக்கிய எழுத்தைச் சிறுமி தானே தடவி அறியட்டும். மணலில் கோணினால் கோணட்டும். எப்போது உதவுவது, எப்போது கையை எடுப்பது என்று பயிலாத எவரையும் இனிப் பிள்ளைகள் அருகே துணையாக அமர்த்த வேண்டா. கொற்றி தலைநகரில் பயின்று, பின் வேறூர்ப் பள்ளிக்குச் செல்வாள்.

அதற்குமுன் விடைபெற ஒருமுறை அங்கு வருவாள். சொல்லாமலே போய்விடுகிறேன் என்று கெஞ்சினாள், அரசியார் ஒப்பவில்லை. கண் தெரியாத பிள்ளை, ஆள் போனதறியாமல் நாள்தோறும் காலடி ஓசைக்குக் காதைத் தீட்டிக்கொண்டு இருக்கலாகாது. அவ்வேளை இருவரையும் தனியே விடுக. சிறுமி சேலையைப் பற்றிக்கொண்டு விட மறுப்பாளாயின், தாங்களோ காவலரோ அந்தக் கையைத் தொடற்க. அதைப் பிரித்தெடுக்க வேண்டியவள் கொற்றி.

வேங்கை முத்திரை இட்டோம். ஓலை கண்ட நாளிலேயே நிறைவேற்றுக.