அலைக்கு முதுகு காட்டாதே

அயனம்பாக்கம்,
தாது வருஷம், கார்த்திகை.

நீர்கொழும்பில் இருக்கிற என் வீட்டுக்காரருக்கு,

நானும் சின்னவளும் சௌக்கியமா கீறோம். எங்களை அங்க கூப்பிட்டு எழுதின உங்க கடுதாசி முழுக்கக் கடல் பேச்சுதான். ஆனியில இறங்காதே, மீன்காரங்க இறங்காத இடத்துல காலை வைக்காதே, அலைக்கு முதுகு காட்டாதேன்னு எழுதிக்கீறீங்க. பெரியவ ஏரியில முழுகிப் போனதுலேர்ந்து அந்தப்பக்கம் தலைவெச்சுப் படுக்காதவளுக்கு இதெல்லாம் எதுக்குன்னு கோவம்தான் வந்துச்சு. மடிச்சு அரிசிப் பானையில போட்டுட்டேன்.

இன்னிக்குக் காலையில ஏரி ரொம்பி வழிஞ்சு கோடி போச்சு. மஞ்சள் குங்குமம் போடப் போன பொம்பளைங்களோட நாகம்மா அக்கா என்னையும் இழுத்துகினு போய்ட்டாங்க. வழியிற தண்ணி கணுக்கால் அளவுதான். ஆனாலும் நான் ஏரியைப் பார்க்காம, ஊர்ப்பக்கம் திரும்பி நின்னுகினு இருந்தேன். சின்னவ தண்ணியில சம்மணம் போட்டு உட்கார்ந்துகினு சிரிக்கிறா. "எம்மா, இந்தப் பக்கம் பாரேன்"ன்னு கூப்பிட்டா.

அப்பதான் நீங்க எழுதினது ஞாபகம் வந்துச்சு. திரும்பிட்டேன். ஏரி அழகாத்தான் கீது.

தை பொறந்ததும் நாங்க வரோம். போட் மெயில் ரயிலுக்கும் கப்பலுக்கும் ஏற்பாடு பண்ணுங்க. உங்க கடல்ல இறங்குறப்ப சின்னவளோட ஒரு கையை நீங்க பிடிச்சுக்கணும். இன்னொரு கை என்கிட்ட இருக்கும்.

இப்படிக்கு,
புடவை இன்னும் காயாத உங்க சம்சாரம்.