என் மகளின் கண்ணுக்கு முன் உங்கள் கண்

அக்கா,

மகள் கம்பஸில் படிக்கப் போகிறாள். அவளுடைய சாமான்களைக் கட்டுவதற்காக இன்று காலை அலுமாரியின் அடித்தட்டை ஒதுக்கினோம். சின்ன வயதுச் சட்டைகளுக்கு அடியில் ஒரு பிஸ்கட் பெட்டி கிடந்தது. மூடியைத் திறந்ததும் பிளாஸ்டர் பசையின் மணம் குப்பென்று வந்தது. கண்ணை மறைத்து ஒட்டுகிற பிளாஸ்டர்கள், முட்டை வடிவில், தோல் நிறத்தில், பாவிக்காமல் மிஞ்சியவை. மகள் ஒன்றை எடுத்து நெற்றியில் ஒட்டிக்கொண்டு, "இதை இன்னும் ஏனம்மா வைச்சிருக்கிறியள்?" என்று சிரித்தாள். நான் பெட்டியை வாங்கி மடியில் வைத்துக்கொண்டேன். நீங்கள் போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. உங்களோடு கதைக்காமல் இருக்க எனக்கு இன்னும் பழகவில்லை, அதனால் எழுதுகிறேன்.

துறைமுகத்துக்குக் கிட்ட இருக்கிற நம்முடைய தபால் கந்தோருக்கு நான் வேலைக்கு வந்த முதல் நாளில், நீங்கள் கவுண்டரில் இருந்தீர்கள். உங்கள் இடக்கண் மூக்குப் பக்கமாகச் சாய்ந்திருக்கும். "நீங்கள் வாங்கோ" என்று ஒருவரைக் கூப்பிட்டீர்கள். வரிசையில் நின்ற வேறு இரண்டு பேர் வந்தார்கள், கூப்பிடப்பட்டவர் மட்டும் அசையவில்லை. நான் எங்கே பார்ப்பதென்று தெரியாமல் முத்திரைத் தாளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நீங்கள் கொஞ்சமும் கூசாமல் பேனையால் கவுண்டர்க் கண்ணாடியைத் தட்டி, அந்தப் பேனையாலேயே ஆளைக் காட்டினீர்கள். பழக்கப்பட்ட சனம் உங்கள் முகத்தைப் பார்ப்பதே இல்லை, பேனையைத்தான் பார்க்கும் என்று பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

"வாக்குக்கண்ணில ஒரு வசதியும் இருக்கு" என்று அன்று தேத்தண்ணி நேரத்தில் சொன்னீர்கள். "நான் வேலையைப் பாக்கிறனா, வெளியில போற ஆக்களைப் பாக்கிறனா எண்டு போஸ்ட் மாஸ்டருக்கே தெரியாது." உங்களை நீங்களே பகிடி பண்ணிவிட்டால் மற்றவர்கள் பண்ண மிச்சம் இருக்காது என்பதை அப்படித்தான் கண்டுகொண்டேன். அந்தத் துணிச்சல் என்னிடம் இல்லை. அதனாலேயே உங்களோடு ஒட்டிக்கொண்டேன்.

என் மகளுக்கு நான்கு வயதாக இருந்தபோது ஒருநாள் அவளைக் கந்தோருக்குக் கூட்டி வந்தேன். நீங்கள் அவளை மடியில் இருத்தி முத்திரைப் படம் காட்டினீர்கள். காட்டிக்கொண்டிருந்த நீங்கள் சட்டென்று படத்தைத் தள்ளிப் பிடித்தீர்கள், பிறகு கிட்டப் பிடித்தீர்கள். படத்தைக் கிட்டப் பிடித்தால் அவளுடைய இடக்கண் உள்ளுக்குப் போனது. "இது என்ர கண்ணைப் போலத்தானடி" என்றீர்கள். "வளர வளரச் சரிவரும் எண்டு ஆரும் சொன்னா நம்பாத. இந்தக் கிழமையே கிளினிக்குக்குக் கொண்டு போ."

வீட்டில் சொன்னபோது என் மாமி ஒரே சண்டை. நாங்கள் சல்லிக் கிராமத்தில் கரைவலை இழுக்கிற குடும்பம், உங்களுக்குத் தெரியும். மகள் பிறந்த வருடம் எங்கள் வலையில் நல்ல மீன் பட்டது. "அது அதிர்ஷ்டக் கண். அவள் பிறந்த பிறகுதான் நாங்கள் தலை நிமிர்ந்தனாங்கள். அதில போய்க் கை வைக்கப் போறியோ?" என்று மாமி கேட்டார். என் மனுசனும் வாயைத் திறக்கவில்லை. கடைசியில் நீங்கள்தான் எங்களோடு கிளினிக்குக்கு வந்தீர்கள்.

டொக்டர் கண்ணுக்கு மருந்து விட்டுப் பார்த்துவிட்டு, பிள்ளைக்குத் தூரப்பார்வை, முதலில் கண்ணாடி போடவேண்டும் என்றார். சில பிள்ளைகளுக்குக் கண்ணாடியோடேயே கண் நேராகிவிடுமாம். இவளுக்குச் சாய்ந்த கண்ணில் பார்வையும் மங்கத் தொடங்கியிருந்தது. மூளை அந்தக் கண்ணைக் கணக்கில் எடுக்காமல் விட்டுவிடுகிறது, ஆகவே நல்ல கண்ணைத் தினமும் சில மணித்தியாலம் மூடி, மற்றதைப் பார்க்கப் பழக்கவேண்டும், சின்ன வயதிலேயே செய்தால்தான் பலன் என்றார். நான் தலையை ஆட்டினேன். எனக்குப் பாதி விளங்கவில்லை. நீங்கள்தான் கேள்விக்கு மேல் கேள்வி கேட்டீர்கள்.

அடுத்த முறை போனபோது பார்வை கொஞ்சமும் கூடியிருக்கவில்லை. டொக்டர் என்னைப் பார்த்த பார்வையில் நான் குறுகிப்போனேன். ஒவ்வொரு காலையும் பிளாஸ்டர் ஒட்டித்தானே அனுப்பினேன்! வெளியில் வந்ததும் நீங்கள் மகளிடம் குனிந்து, "பள்ளிக்கூடத்தில எந்தக் கண்ணில ஒட்டியிருக்கும், காட்டு பாப்பம்" என்றீர்கள். அவள் சாய்ந்த கண்ணைத் தொட்டுக் காட்டினாள். முன்பள்ளி ரீச்சர், பாவம், பிள்ளை தடுமாறுவதைப் பார்க்கப் பொறுக்காமல், அம்மா பிழையாக ஒட்டிவிட்டா என்று நினைத்து, தினமும் பிளாஸ்டரைக் கழற்றி மற்றக் கண்ணில் ஒட்டிக்கொண்டிருந்திருக்கிறா.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. நீங்கள் கோபப்படவில்லை. அடுத்த நாள் என்னோடு முன்பள்ளிக்கு வந்து, அந்தச் சின்னக் கதிரை ஒன்றில் இருந்துகொண்டு ரீச்சருக்குச் சொன்னீர்கள்: "ரீச்சர், நான் கவுண்டரில இருக்குமட்டும் இவள் உள்ளுக்க இருந்து கடிதம் பிரிப்பாள். வெளியில வரச்சொன்னா ஏலாது எண்டுவாள். நான் லீவு போட்டாத்தான் வந்து கவுண்டரில இருப்பாள். கண்ணும் அப்பிடித்தான். கெட்டிக்காரக் கண் லீவில நிண்டாத்தான் மற்றது வேலைக்கு வரும்." ரீச்சர் சிரித்துவிட்டு, கொஞ்சம் தயங்கி, உங்களுக்கு இப்படி ஒன்றும் செய்யவில்லையா என்று கேட்டா. "எங்கட வீட்டிலயும் இதை அதிர்ஷ்டம் எண்டுதான் கொண்டாடினவை. அதிர்ஷ்டம் வந்ததோ தெரியாது, பார்வை போயிட்டுது" என்றீர்கள். அந்தக் கண்ணால் உங்களுக்கு எல்லாம் மங்கலாக, உருவமாக மட்டும்தான் தெரியும் என்பதை அன்றுதான் நான் அறிந்தேன்.

அதன் பிறகு ரீச்சர்தான் எங்களைவிடக் கண்டிப்பு. மகளின் பார்வை கிடுகிடுவென்று கூடியது. ஆனால் கண்ணாடி போட்டும் கண் முழுக்க நேராகவில்லை. ஒப்பரேஷன் செய்யவேண்டும், கொழும்புக்குக் கொண்டுபோங்கோ என்று டொக்டர் சொன்னார். கண்ணுக்குள் வெட்டுவதில்லை, வெளியில் கண்ணை இழுத்துப் பிடிக்கிற தசையை இடம் மாற்றித் தைப்பதுதான் என்று படம் கீறிக் காட்டினார். என் காதில் ஒன்றும் ஏறவில்லை. பிள்ளையை மயக்கிக் கண்ணில் கத்தி வைப்பார்கள் என்பது மட்டும்தான் நெஞ்சில் நின்றது. அவளுக்கு ஏதும் நடந்தால் மாமியின் முகத்தில் எப்படி விழிப்பேன்? ஒவ்வொரு முறையும் காய்ச்சல், தடிமன், கோயில் திருவிழா என்று ஒரு சாட்டுச் சொல்லித் தள்ளிப்போட்டேன்.

ஒருநாள் கவுண்டரைப் பூட்டிவிட்டு வந்து என் மேசையில் சாய்ந்துகொண்டு சொன்னீர்கள்: "நானும் செய்யப் போறன். பெரிய ஆக்களுக்கும் செய்வினமாம், விசாரிச்சனான். போன பார்வை வராது, கண் நேராகுமாம். சிலருக்கு வெளிச்சத்தைத் திருப்பிற பிறிஸம் போட்ட கண்ணாடியே போதுமாம், சிலருக்குத் தசைக்குள்ள ஊசியாம். என்ர கண் சாய்ஞ்ச சாய்வுக்குக் கத்திதானாம். நான் முதல் போய்ப் பாத்துட்டு வாறன். வந்து என்ன மாதிரி எண்டு சொல்லுறன். அதுக்குப் பிறகு நீ பிள்ளையைக் கொண்டு போ."

நான் அழுதேன். நாற்பது வயது தாண்டியவர் எனக்காகக் கத்திக்குக் கீழ் போகவேண்டாம் என்றேன். "உனக்காக எண்டு பெருமைப்படாத" என்று ஏசினீர்கள். "என்ர கலியாணப் படத்திலகூட முகத்தைத் திருப்பி வைச்சுத்தான் எடுத்தவங்கள். எனக்கும் ஒருக்கா நேராப் பாக்கோணும்." உங்கள் வீட்டு அவர், கட்டும்போதே இந்தக் கண்ணோடுதான் கட்டினனான், எனக்கொரு குறையுமில்லை என்றாராம். "குறை உங்களுக்கில்லை, எனக்கு" என்றீர்களாம். இந்த வயதில் என்ன வடிவு வேண்டிக்கிடக்கு என்று கந்தோரிலேயே சிலர் முணுமுணுத்தார்கள். நீங்கள் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

போனீர்கள், வந்தீர்கள். கண் மிளகாய்ப்பழம் மாதிரிச் சிவந்திருந்தது. "மண் விழுந்தமாதிரி ஒரு உறுத்தல், அவ்வளவுதான். பல்லுப் பிடுங்கினதுக்கு இதைவிட நொந்தது" என்றீர்கள். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் மகளைக் கொழும்புக்குக் கொண்டுபோனேன். சுகவீன லீவில் இருந்த நீங்களும் கூட வந்தீர்கள். அவளை உள்ளே கொண்டுபோன பிறகு நான் வெளியில் மரவாங்கில் இருந்து அழுதேன். நீங்கள் என் பக்கத்தில் இருந்து, கந்தோர் ஆட்களின் குறை நிறைகளைக் கதை கதையாகச் சொன்னீர்கள். அன்று பின்னேரமே அவள் கண் விழித்து ஐஸ்கிறீம் கேட்டாள்.

நீங்கள் வேலைக்குத் திரும்பிய கிழமை மூதூரிலிருந்து வழமையாக வருகிற கடை முதலாளி உங்களையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, "மிஸ் லீவோ? நீங்க அவடெ தங்கச்சியா?" என்று கேட்டார். நீங்கள் சிரித்த சிரிப்பில் கவுண்டர்க் கண்ணாடி அதிர்ந்தது. அந்த மாதமே படப்பிடிப்பு நிலையத்துக்குப் போய், முகத்தை நேராக வைத்து ஒரு படம் எடுத்தீர்கள். போன மார்கழியில், நெஞ்சுநோ என்று சொன்ன அன்றே நீங்கள் போய்விட, நாங்கள் மாலை போட்டதும் அந்தப் படத்துக்குத்தான்.

அந்தியேட்டிக் கிரியை அன்று உங்கள் வீட்டுக் குசினியில் நான் கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன். உங்கள் அவர் வாசலில் வந்து நின்று, இனிச் சொன்னால் என்ன என்ற மாதிரிச் சொன்னார். "ஒப்பரேஷன் செய்து வந்ததில இருந்து அவவுக்கு எல்லாம் ரெண்டு ரெண்டாத் தெரிஞ்சது, தங்கச்சி. தேத்தண்ணியைக் கோப்பைக்கு வெளியில ஊத்துவா. படியில இறங்க என்ர கை வேணும். அப்பிடி வரலாம் எண்டு டொக்டர் முதலே எங்களுக்குச் சொன்னவர்தான். சின்னப்பிள்ளைக்கும் இப்பிடி வருமோ எண்டு அவ திரும்பிப் போய்க் கேட்டவ. பிள்ளையளுக்கு வந்தாலும் கெதியாப் பழகிடும், உங்களுக்கும் மெல்ல மெல்லக் குறையும் எண்டவர். அவ போடுற கண்ணாடியில ஒரு பிறிஸத்தை ஒட்டி விட்டவர். பிறகுதான் எனக்குச் சொன்னவ, அவளிட்ட மூச்சும் விடாதேங்கோ, கேட்டா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடிடுவாள் எண்டு."

ஓம் அக்கா. ஓடித்தான் இருப்பேன். திரும்பிப் பார்க்காமல் சல்லிக்கே ஓடி வந்திருப்பேன், என் மகளின் கண் அப்படியே கிடந்திருக்கும். உலகம் இரண்டாகத் தெரிந்த கண்ணோடு கொழும்புக்கு பஸ் ஏறி, யாருமே கண்டுபிடிக்காதபடி என் பக்கத்தில் இருந்து பகிடி விட்டீர்களே, உங்களுக்கு எவ்வளவு நெஞ்சுரம். இப்படி ஒரு ஆளோடு இத்தனை வருடம் ஒரே கந்தோரில் இருந்தேன் என்பதே எனக்குப் பெருமை.

மகளுக்கு இதை இன்றுதான் சொன்னேன். நெற்றியில் ஒட்டிய பிளாஸ்டரை மெல்லக் கழற்றிக்கொண்டே, "அப்ப பெரியம்மா அண்டைக்கு ரெண்டு அம்மாவைப் பாத்தவவோ?" என்று கேட்டாள். "ஒரு அம்மாட அழுகையையே தாங்க ஏலாது. பாவம் அவ." இரண்டு பேரும் சிரித்தோம், பிறகு அழுதோம்.

உங்கள் கவுண்டரில் இப்போது நான் இருக்கிறேன். பிள்ளையின் கண் சாய்ந்திருந்தால் தாயிடம் சொல்லிவிடுகிறேன். சிலர் முறைக்கிறார்கள். போன கிழமை சாம்பல்தீவிலிருந்து வந்த ஒரு தாய் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "எனக்குப் பயமாக் கிடக்கு, மிஸ்" என்றாள். பயப்படாதே என்று சொல்ல வாயெடுத்தேன். யோசித்துப் பார்த்தால், அந்த ஒரு சொல்லை மட்டும் நீங்கள் எனக்குச் சொன்னதே இல்லை.

"வியாழக்கிழமை கிளினிக்" என்றேன். "பிள்ளையோட வெள்ளென வா. நான் பஸ் ஸ்ராண்டில நிப்பன்."