மோட்டார் வரும் வரைக்கும்

மார்ச் 3, செவ்வாய்

காலை வழிபாடு முடித்துச் சங்க அலுவலகம் சேர்ந்தபோது மணி ஒன்பது. மேல்தொட்டியில் நீர்மட்டம் பதினான்கு அடி. கீழ்வாசல் சங்கிலி மறுபடியும் துருவேறியிருக்கிறது. இவையெல்லாம் வழக்கம். வழக்கமல்லாதது ஒன்றே: என் மேசைக்கு எதிரே ஒரு புதிய நாற்காலி.

அது ஆலோசகர் அம்மையாருக்காம். ஊர் பெருகுகிறது, மழை குறைகிறது, ஆட்கள் மாறுகிறார்கள். இத்தனை மாற்றத்துக்கு நடுவே நம் குடிநீர்ச் சங்கம் நிதானமாகக் கற்று, நெடுநாள் நிற்கும்படி முடிவெடுப்பதற்கு ஆறு வாரம் உடனிருந்து உதவுவாராம். தலைவர் இதைச் சொன்னபோது என் முகத்தைப் பார்க்கவில்லை. நாட்காட்டியைப் பார்த்துச் சொன்னார். அவர் பல் மருத்துவர். பிறர் வாயைத் திறக்கச் சொல்வதே தொழிலாகக் கொண்டவர், தம் வாயைத் திறக்க இத்தனை தயங்குவானேன்?

இருபத்தேழு ஆண்டுகளாக நான் செயலர். நாலாயிரம் வீடுகள், ஆயிரத்து இருநூற்றுச் சொச்சம் தீர்மானங்கள், அத்தனையும் என் கையெழுத்தில். ஏப்ரல் பதினெட்டாம் நாள் பொதுக்குழு. செயலரைத் தேர்ந்தெடுப்பதும் அன்றுதான். இந்த நேரம் பார்த்து இவர் ஏன்?

மார்ச் 5, வியாழன்

பழம்பாடல்களில் பகைவர் ஊருக்குள் நுழையும் ஒற்றர் பாணராகவும் துறவியராகவும் வருவர். இக்காலத்தில் குறிப்பேடும் மஞ்சள் காகிதமுமாக வருகின்றனர் போலும். அம்மையாருக்கு வயது நாற்பதுக்குள். பணிவு அளவுக்கு மீறியது.

"நான் புதுசுங்க ஐயா. தெரியாமத்தான் கேக்குறேன்" என்று தொடங்கி நாற்பத்தொரு கேள்வி. எண்ணினேன். ஒன்றில்கூடத் தம் கருத்தைச் சொல்லவில்லை. கேட்பார், தலையசைப்பார், எழுதுவார். தம்மை வெளிக்காட்டாமல் பிறரை மட்டும் பேசவிடும் மனிதரை நம்பலாமா?

மாலை அவர் எழுந்து போனபோது குறிப்பேடு திறந்தே கிடந்தது. பார்த்திருக்கக் கூடாது. பார்த்தேன். ஒரே வரி, அடிக்கோடிட்டு: "செயலர் இல்லாவிட்டால்?"

மார்ச் 6, வெள்ளி

இல்லாவிட்டால்?

மார்ச் 10, செவ்வாய்

தீர்மானப் புத்தகங்கள் அனைத்தையும் பார்க்க விரும்புகிறாராம் அம்மையார். பழையவை கட்டி வைக்கப்பட்டிருப்பதாகச் சொல்லி, அண்மைய மூன்றை மட்டும் கொடுத்தேன். கட்டி வைக்கப்பட்டிருப்பது உண்மைதான். நேற்று நான்தான் மற்ற ஒன்பதையும் கட்டி வைத்தேன். இன்று இரு நடையாக வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன்.

கட்டிலுக்கடியில் தள்ளும்போது இல்லாள் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னங்க அது, திருட்டுச் சாமானா?"

"சங்கப் பதிவு."

"சங்கத்துல அலமாரி இல்லையா?"

"இருக்கிறது."

"அப்ப அதைக் கட்டிலுக்கடியில வைங்க, இதை அலமாரியில வைங்க. எனக்குப் பெருக்கணும்."

இவளுக்கு எதைச் சொல்லி விளக்குவது. புத்தகத்தில் எனக்குக் கறை என்று ஒன்றும் இல்லை. பின் ஏன் ஒளித்தேன் என்று எவரேனும் கேட்டால், குறை தேடி வந்தவர் கைக்குத் தீபத்தையும் கொடுப்பது அறிவுடைமை ஆகாது என்பேன். இப்போதைக்குக் கேட்பவன் நான் ஒருவன்தான்.

மார்ச் 12, வியாழன்

தெருக்களுக்கு நீர் திறந்துவிடும் வால்வுக்காரரோடு அம்மையார் தெருத் தெருவாக நடக்கிறார். நானும் சற்றுத் தள்ளிப் போனேன், மூன்றாம் சந்து வரை. முழங்கால் அதற்கு மேல் ஒப்பவில்லை.

மார்ச் 13, வெள்ளி

வால்வுக்காரரைத் தனியே அழைத்து விசாரித்தேன்.

"என்ன கேட்டாங்க?"

"பெருசா ஒண்ணுமில்லீங்க ஐயா. ஒவ்வொரு வால்வுகிட்டயும் நின்னு, இது ஏன் இப்படின்னாங்க. அட்டவணைன்னு சொன்னேன். அட்டவணை ஏன் அப்படின்னாங்க. நான் வேலைக்கு வந்தப்பவே அது சுவத்துல ஒட்டியிருந்துச்சுன்னேன். சிரிச்சாங்க."

"சிரிச்சாங்களா?"

"நல்லாத்தான் சிரிச்சாங்க ஐயா. கெட்ட சிரிப்பு இல்ல."

"எந்த இடத்தில் அதிக நேரம் நின்றார்?"

"மேட்டுத்தெரு வால்வுகிட்ட. ஊர் பூரா தினமும் தண்ணி, இங்க மட்டும் ஏன் ஒருநாள் விட்டு ஒருநாள்னு கேட்டாங்க. செயலர் ஐயாவைக் கேளுங்கன்னுட்டேன்."

மேட்டுத்தெரு. என் தங்கை இருக்கும் தெரு. இவர் அங்கே போய் நிற்பது தற்செயலா? செயலர் உறவுக்காரருக்குச் சலுகை காட்டினார் என்று எழுத நினைத்தால் ஏமாந்துதான் போவார். சொந்தத் தங்கைக்குக்கூட ஒரு குடம் கூட்டித் தராதவன் நான். அது எனக்கு ஒரு பெருமையாகவே இருந்துவந்திருக்கிறது.

மார்ச் 17, செவ்வாய்

நிர்வாகக் குழு. என்னையும் சேர்த்து ஏழு பேர். அம்மையார் ஆளுக்கு ஒரு மஞ்சள் காகிதம் கொடுத்தார். மேட்டுத்தெருவுக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் ஏன்? ஒருவரை ஒருவர் கேளாமல் எழுத வேண்டும். பள்ளிக்கூடத் தேர்வு போல் இருந்தது. பிறகு சுவரில் ஒட்டினார்.

பைப் பழையது. அங்கே வீடுகள் குறைவு. அவர்களே கேட்டுக்கொண்டார்கள். மேடாக இருப்பதால். எப்போதும் அப்படித்தான். பல் மருத்துவர் எழுதியது: "செயலருக்குத் தெரியும்."

ஆறு பேர், ஆறு காரணம். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். என் காகிதம் வெற்றாக இருந்தது. "ஒருமனதான தீர்மானம்" என்றேன்.

"எந்த வருஷத் தீர்மானம்ங்க ஐயா?"

"பார்த்துச் சொல்கிறேன்."

அது பொய்யன்று. பார்த்துச் சொல்வதாகத்தானே சொன்னேன்? ஆனால் புத்தகம் எங்கே இருக்கிறது என்று அவர் கேட்டிருந்தால்?

வெளியே வரும்போது நேராகவே கேட்டுவிட்டேன். "உங்கள் குறிப்பேட்டில் 'செயலர் இல்லாவிட்டால்' என்று ஒரு வரி கண்டேன்."

அவர் மறுக்கவில்லை, கோபமும் கொள்ளவில்லை. "ஆமாங்க ஐயா. நாளைக்கே நீங்க காய்ச்சல்ல படுத்துட்டா, எந்த வால்வு எதுக்காக மூடியிருக்குன்னு யாரைக் கேக்குறதுன்னு எழுதி வச்சேன். இன்னிக்குப் பாத்தா, நீங்க இருக்கும்போதே கேக்க ஆள் இல்லை."

வார்த்தையில் தேன் தடவத் தெரியாத ஒற்றர். அல்லது மிகத் தேர்ந்த ஒற்றர்.

மார்ச் 18, புதன்

இல்லாள் கோயிலுக்குப் போன நேரத்தில் கட்டுகளைப் பிரித்தேன். ஆறாம் புத்தகம், நூற்றிருபதாம் பக்கம். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முந்தைய ஜூன்.

"மேட்டுத்தெருவுக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் நீர் வழங்குவதென ஒருமனதாகத் தீர்மானிக்கப்பட்டது."

அவ்வளவே. அதன்கீழ் என் கையொப்பம், அழகாக.

அந்த ஒரு வரியைப் பார்த்துக்கொண்டே இருக்கையில் அன்றைய கூட்டம் மெல்ல மெல்லத் திரும்பி வந்தது. பழைய மோட்டார் அந்த மாதம் பழுதாகி அரை வேகத்தில் ஓடியது. மேட்டுக்கு ஏறவில்லை. புதிது வாங்க ஓராண்டு ஆகும் என்றார்கள். அப்போதிருந்த பழைய வால்வுக்காரர், காலமாகிவிட்டார், எழுந்து நின்று சொன்னார்: "மோட்டார் வர்ற வரைக்கும்னு ஒரு வார்த்தை சேத்து எழுதிடுங்க ஐயா. இல்லேன்னா இதுவே நிலைச்சுடும்." குழுவில் ஒருவர் அதற்குச் சீற, இவரும் பதிலுக்குக் கடுஞ்சொல் சொல்ல, பெரும் சச்சரவாயிற்று.

நான் சச்சரவை எழுதவில்லை. எழுதுவதே இல்லை. சினத்தில் சிந்திய சொல்லை மையால் நிலைநிறுத்துவது அறமன்று என்று இளமையிலேயே உறுதி பூண்டவன். பிறர் மாறுபாட்டைப் பேசாதிருத்தல் நற்பண்பு என்று மறைநூலில் ஓதியதை அப்படியே புத்தகத்துக்கும் கொண்டுவந்தேன். ஆயிரத்து இருநூறு தீர்மானங்களும் ஒருமனதாக முடிந்தது இப்படித்தான். சச்சரவோடு சேர்த்து அந்த மனிதர் கேட்ட மூன்று சொல்லையும் விட்டுவிட்டேன்.

புது மோட்டார் பதினான்கு மாதத்தில் வந்தது. இருமடங்கு வேகம். நானே மாலை போட்டு இயக்கிவைத்தேன்.

அட்டவணை சுவரிலேயே இருந்தது.

மார்ச் 22, ஞாயிறு

தங்கை வீடு. முற்றத்தில் ஐந்து நீல டிரம். அத்தனைக்கும் மூடி, மூடிமேல் கல். போன முறை வந்தபோதும் இருந்திருக்கும். நான் எப்போதாவது எண்ணினேனா?

இடுப்பில் பட்டை கட்டியிருந்தாள். என்ன என்றேன்.

"குடம் தூக்கித் தூக்கி. டாக்டர் தூக்காதேங்கிறார். அவர் வீட்டுல தினமும் தண்ணி வருது."

"இத்தனை வருடத்தில் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே."

"நான் எதுக்கு அண்ணா கேக்கணும்? தெருவுல எல்லாரும் சங்கத்துக்கு மனு எழுதினப்ப, நான்தான் வேண்டாம்னு நிறுத்தினேன். எங்க அண்ணன் காரணமில்லாம ஒண்ணும் செய்ய மாட்டார்னு சொன்னேன். ரெண்டு பேர் கேக்காம எழுதினாங்க. ஒருமனதான தீர்மானம், மாத்த முடியாதுன்னு உன் கையெழுத்துலயே பதில் வந்துச்சு. பாத்தீங்களான்னு அவங்ககிட்டச் சொன்னேன்."

அவள் சிரித்தபடிதான் சொன்னாள். பிறகு கேட்டாள், "அப்படி என்ன காரணம் அண்ணா அது?"

நான் தண்ணீர் கேட்டேன். கொடுத்தாள். குடிக்க முடியல. அவ தூக்கின தண்ணி.

மார்ச் 23, திங்கள்

ஓதியதில் மனம் நிற்கவில்லை. மூன்று முறை அதே அடிக்குத் திரும்பினேன்.

புத்தகம் கட்டிலுக்கடியில் இருந்தால் பொதுக்குழு வரை ஒன்றும் ஆகாது. வெளியே வந்தால் பல் மருத்துவருக்கு வேறு சாட்சி தேவையில்லை. இருபத்தேழு வருஷம். ஒரே வரியில போயிடுமா?

மார்ச் 24, செவ்வாய்

ஒன்பதையும் வண்டியில் ஏற்றினேன். "சாமான் திரும்புதா?" என்று கேட்டாள் இல்லாள். "திரும்புகிறது" என்றேன். கட்டுகளில் ஒன்றை அவளே தூக்கி வந்தாள்.

அம்மையார் மேசையில் ஆறாம் புத்தகத்தைத் திறந்து வைத்து, எழுதியதையும் எழுதாமல் விட்டதையும் சொன்னேன். தலைவரும் உடனிருந்தார். குறிப்பேட்டை அம்மையார் திறக்கவே இல்லை. அது எனக்கு மேலும் ஐயம் தந்தது.

தலைவரிடம் கேட்டேன்: "டாக்டர், என்னை வீட்டுக்கு அனுப்பத்தானே இவரை அழைத்தீர்கள்?"

"பாதி அதுதான் சார்" என்றார் அவர், இம்முறை என்னைப் பார்த்து. "எதைக் கேட்டாலும் ஒருமனதான தீர்மானம்னு சொல்றீங்க. புதுசா வர்றவங்க வாயே திறக்கிறதில்லை. உங்களை மாத்தாம இதை மாத்த முடியாதுன்னு நெனச்சேன்."

"இப்போது?"

"தெரியல சார்."

ஆக, என் ஐயம் பாதி சரி. அதில் மகிழ ஒன்றும் இல்லை.

உடனே அட்டவணையைக் கிழித்துவிடலாம் என்றேன். அம்மையார்தான் தடுத்தார். "அன்னிக்கும் அவசரமாத்தான் முடிவெடுத்திருக்கோம் ஐயா. ரெண்டு வாரம் திறந்து பாப்போம். கீழ்த்தெருவுல எவ்வளவு குறையுதுன்னு அளப்போம். அளந்துட்டு முடிவெடுப்போம்." என் பதவிக்குக் குழி வெட்ட வந்தவர் இப்படியா பேசுவார்? அல்லது இரு வாரமும் நான் தவிக்க வேண்டும் என்பதா? சோதனை வென்றால் என் பெயர் போகிறது. தோற்றால் தங்கையின் இடுப்பு.

வெல்ல வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

மார்ச் 30, திங்கள்

காலையும் மாலையும் வால்வுக்காரரோடு அளவு எடுக்கிறேன். அவர் வாளியைப் பிடிக்க, நான் கடிகாரம் பார்க்கிறேன். "ஐயா, நீங்க என் வேலைக்கு வந்துட்டீங்க, நான் உங்க நாற்காலிக்குப் போகட்டுமா?" என்கிறார். கேலிதானா?

ஏப்ரல் 7, செவ்வாய்

மேட்டுத்தெருவுக்கு நாள்தோறும் ஏறுகிறது. கீழ்த்தெருவின் கடைசி இரண்டு சந்தில் மட்டும் காலையில் தாரை மெலிகிறது. நேரத்தை ஒரு மணி மாற்றினால் சரியாகலாம்.

குழு கூடியது. அம்மையார் கற்றுக்கொடுத்தபடி எழுதினேன். முடிவு என்ன, எதனால், என்ன நடக்கும் என எதிர்பார்க்கிறோம், யார் ஒப்பவில்லை, எந்நாளில் திரும்பப் பார்ப்பது.

ஒருவர் ஒப்பவில்லை. கடைசிச் சந்துக்காரர். "மேட்டுக்குக் கொடுத்துட்டு எங்களைக் கெடுக்காதீங்க. செயலர் தங்கச்சிக்காகத்தானே இதெல்லாம்?" என்றார் காரமாக.

பேனா நின்றுவிட்டது. பிறகு எழுதினேன், பெயரோடும், அவர் சொன்ன சொல்லோடும். திரும்பப் பார்க்கும் நாள்: ஜூலை ஏழு.

ஏப்ரல் 14, செவ்வாய்

அம்மையார் விடைபெற்றார். ஆறு வாரம் முழுதும் தம் கருத்து என்று ஒன்றும் சொல்லாமலே போய்விட்டார். நாற்காலி இன்னும் இருக்கிறது. ஏன் விட்டுப் போனார் என்று வால்வுக்காரரைக் கேட்டேன். "அது நம்ம நாற்காலிங்க ஐயா. பின்கட்டுலேருந்து எடுத்துப் போட்டது" என்றார்.

ஏப்ரல் 18, சனி

பொதுக்குழு. ஆறாம் புத்தகத்தின் நூற்றிருபதாம் பக்கத்தை எழுந்து நின்று வாசித்தேன். பழைய வால்வுக்காரர் கேட்டதையும் நான் விட்டதையும் சொன்னேன். மேட்டுத்தெருவிலிருந்து வந்தவர்கள் நெடுநேரம் பேசினார்கள். சில சொற்கள் இங்கே எழுதத் தக்கன அல்ல. சங்கப் புத்தகத்தில் எழுதியிருக்கிறேன்.

செயலராக இன்னும் ஓராண்டு நானே. உடன் எழுத வால்வுக்காரர். ஒப்பாதவர் பத்தொன்பது பேர். பத்தொன்பது பெயரையும், அவரவர் காரணத்தையும், என் கையாலேயே. பன்னிரண்டாவது காரணம் எனக்கும் நியாயமாகத்தான் பட்டது.

ஏப்ரல் 26, ஞாயிறு

தங்கை வீடு. நாலு டிரம் கழுவிக் கவிழ்த்துக் கிடந்தன. ஐந்தாவது மட்டும் நிமிர்ந்து, நிறைந்து, மூடிமேல் கல்லோடு.

"இதை ஏன் கவிழ்க்கவில்லை?"

"ஜூலை ஏழாம் தேதி திரும்பப் பாக்கறதா எழுதியிருக்கியாமே அண்ணா. நீ பாரு. பாத்துட்டுச் சொல்லு. அப்புறம் கவுக்கிறேன்."