குழாய் வேலை முடிந்த சேதி

ஹெர்வந்தா, மே 18

அன்பு மகள் சிர்க்குவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான் சுகம். நீயும் சுகமாகத்தான் இருப்பாய், இல்லாவிட்டால் நாலு பக்கத்துக்கு என்னைத் திட்டி எழுதத் தெம்பு ஏது. கேட்டதற்குப் பதில் சொல்லிவிடுகிறேன். ஆமாம், நம் கட்டடத்தில் குழாய் மாற்றும் வேலை பிப்ரவரியிலேயே முடிந்துவிட்டது, எல்லோரும் அவரவர் வீட்டுக்குத் திரும்பிவிட்டார்கள். உன் அப்பா திரும்பவில்லை, திரும்பப் போவதும் இல்லை. வேலை முடியும்வரை மூன்றே மாதம் என்று சொல்லித்தான் அவரை முதியோர் இல்லத்தில் விட்டேன், சொல்லும்போதே அது பொய் என்று எனக்குத் தெரியும். உனக்குக் கோள் மூட்டியது கீழ்வீட்டு ஆவுனேதான் என்பதும் தெரியும். மாடிப்படியில் என்னை மறித்து, ஏன் இர்மெலி, குளியலறையில புது ஓடெல்லாம் பதிச்சாச்சு, மனுஷனை எங்க காணோம்னு கேட்டாள். அவ்வளவு பாசமிருந்தா நீ கூட்டிட்டுப் போய் வச்சுக்கோ என்றேன். கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஜூனில் வருகிறேன், அதற்குள் அப்பா வீட்டில் இருக்க வேண்டும் என்று கட்டளை போட்டிருக்கிறாய். மூன்று வாரம் இருப்பாய், சவுனா நீராவிக் குளியலில் உட்கார்ந்து சிரிப்பாய், படம் எடுத்துக்கொண்டு பிரிஸ்பேனுக்கு விமானம் ஏறிவிடுவாய். அப்புறம்? அடுப்பை எரியவிட்டுப் பனியில் வெறும் செருப்போடு ஏரிப்பக்கம் போனவரை இரண்டு தடவை போலீஸ் கொண்டுவந்து விட்டது, அப்போது நீ எங்கே இருந்தாய்? தலைவலியும் வயிற்றுவலியும் தனக்கு வந்தால்தான் தெரியும். ஐம்பத்திரண்டு வருஷம் அவருக்குச் சமைத்தேன். இப்போது தனியாகத் தூங்குகிறேன், நன்றாகவே தூங்குகிறேன். இதை எழுத எனக்கு வெட்கமும் இல்லை.

ஞாயிறுதோறும் டிராம் பிடித்துப் போய்ப் பார்க்கத்தான் செய்கிறேன். வேலை எந்த மாடிக்கு வந்திருக்கு என்பதுதான் முதல் கேள்வி. இன்னும் ரெண்டாவதுலயே நிக்குது என்பேன். எழுபத்தாறாம் வருஷம் அந்தக் குழாய்களைப் போட்டதே அவர் கைதானே, பெருமை தாங்காது. நான் போட்டதை அவ்வளவு லேசுல கழட்டிருவானுங்களா என்று பக்கத்து அறைக்காரரிடம் சொல்லிச் சிரிப்பார். பிறகு கட்டிலுக்கு அடியிலிருந்து இரண்டு பாட்டில் தண்ணீர் எடுப்பார். வீட்ல தண்ணி வராதே, காப்பிக்கு என்ன பண்ணுவ, இந்த வயசுல நாலு மாடிக்கு வாளி தூக்காதடி என்று என் பையில் அவரே வைத்து மூடுவார். டிராம் நிறுத்தத்தில் கொட்டிவிடுவேன். காலி பாட்டிலை அடுத்த வாரம் கொண்டுபோய்க் கொடுத்தால்தான் அவருக்கு நிம்மதி.

வா, வந்து பார். உன்னிடமும் அதையேதான் கேட்பார். உண்மையைச் சொல்ல ஆசையிருந்தால் சொல்லிக்கொள், சொன்ன நிமிஷமே காலணியை மாட்டிக்கொண்டு கிளம்பி நிற்பார்.

கடவுள் உனக்கும் குழந்தைக்கும் குறையில்லாத ஆயுளைக் கொடுக்கட்டும். அவனைத் தொப்பியில்லாமல் வெயிலில் விடாதே. ஒன்றை நினைவில் வைத்துக்கொள், அப்பாவிடம் இருக்கிற சாவி இப்போது நம் கதவுக்குச் சேராது, பூட்டை மாற்றிவிட்டேன்.

உன் அம்மா,
இர்மெலி