தெருக்குத்து வீடு

கீலுங்
ஏப்ரல் 11, 1973

அன்புள்ள குவட்சியாவுக்கு,

நான் நலம். நீயும் பெக்லீனும் நலம்தானே? துறைமுகத்தில் வேலை கிடைத்துவிட்டது. கப்பலில் ஏற்றும் சாமான்களுக்கு மரப்பெட்டி அடிக்கிறோம். நம் ஊர் லூகாங்கில் கட்டிலும் அலமாரியும் செய்த கைக்கு இது விளையாட்டு வேலை. மழைதான் விடுவதில்லை. துணி காய்ந்து ஒரு வாரம் ஆகிறது.

கோபித்துக்கொண்டு போனவன் என்று நினைக்காதே. பயந்து போனவன் என்று நினைத்துக்கொள். அந்த வீட்டுக்குக் குடிவந்த இரண்டு வருஷத்தில் என் தம்பியைக் கடல் கொண்டுபோனது. உன் வயிற்றிலிருந்த பிள்ளை தங்கவில்லை. நான் ஏணியிலிருந்து விழுந்து காலை முறித்துக்கொண்டேன். மனை சாஸ்திரம் பார்க்கும் ஓங் சின்சே என்ன சொன்னார்? கடலைத் தடுக்கும் மேட்டுக் கரையிலிருந்து நேராக இறங்கி வரும் தெரு, அம்பு மாதிரி நம் வாசலைக் குத்துகிறது என்றார். ஊரே அதைத்தானே சொல்கிறது? ஊதுவத்திக்கார லோ நம் வாசலைக் கடக்கும்போது எதிர்ப்பக்கம் ஒதுங்கி நடப்பதை நீயும் பார்த்திருக்கிறாய்.

விற்றுவிட்டு வா. இங்கே ஓர் அறை பார்த்திருக்கிறேன். சின்னதுதான், ஆனால் எந்தத் தெருவும் அதைக் குத்தவில்லை.

உன்,
கிம்டிங்

லூகாங்
ஏப்ரல் 29

அன்புள்ள பெக்லீன் அப்பாவுக்கு,

கடிதம் வந்தது. ஈரத் துணியை உடுத்தாதீர்கள், அடுப்பின் பக்கம் கட்டிக் காயப்போடுங்கள். கால் வலி எப்படி இருக்கிறது என்று நீங்கள் எழுதவே இல்லை.

நான் வரவில்லை. ஏன் என்று உங்களுக்குத் தெரியும். ஐந்து வயதில் என்னைத் தத்துக் கொடுத்தார்கள். அங்கிருந்து இன்னொரு வீட்டுக்கு. கல்யாணம் ஆகும்வரை, "இந்த மூலையில படுத்துக்கோ" என்று யாரோ காட்டிய இடத்தில்தான் படுத்தேன். இந்த வீட்டில்தான் முதன்முதலாக என் பாயை எங்கே விரிப்பது என்று நானே முடிவுசெய்தேன். இதை எப்படி விடுவேன்?

ஆனால் நீங்கள் பயந்தது வீண் என்றும் சொல்லமாட்டேன். ஒரு நாள் முழுக்க வாசலில் முக்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தேன். சிப்பி ஏற்றிய லாரிகள் கரையிலிருந்து நேராக நம்மைப் பார்த்துத்தான் இறங்குகின்றன. விளக்கு வெளிச்சம் படுக்கைவரை அடிக்கிறது. கடல் காற்று முன்வாசலில் நுழைந்து, நடுவில் எதுவும் தடுக்காமல் பின்வாசலில் போகிறது. அந்தக் காற்றின் பாதையில்தான் பெக்லீனின் பாய் கிடந்தது. பிள்ளைக்கு ஏன் இருமல் விடவில்லை என்று மருந்துக்கடை மருந்துக்கடையாக அலைந்தோமே!

சின்சேயிடம் போய், அந்த அம்பு எப்படி இருக்கும் என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டார். அப்புறம் நிதானமாகச் சொன்னார்: "நேரா வரும், வேகமா வரும், நின்னு கேட்டுட்டு வராது. அப்படி வர்றது எதுவுமே கெடுதல்தாம்மா. காத்து, தண்ணி, சத்தம், வெளிச்சம் எல்லாம் அதுல அடக்கம். வளைஞ்சு மெதுவா வந்தா அதே காத்துதான் உயிர் கொடுக்கும்."

நம் ஊரின் பழைய சந்துகள் ஏன் பாம்பு மாதிரி வளைகின்றன என்று அப்போதுதான் புரிந்தது. பின்வாசலை அடைத்துவிட்டு, சமையலறைப் பக்கம் வேறு வாசல் திறந்துவிட்டேன். அடுத்ததாக, வாசலுக்கு முன்னால் ஒரு மறைப்புச் சுவர் எழுப்பப் போகிறேன்.

உங்கள்,
குவட்சியா

கீலுங்
மே 14

குவட்சியாவுக்கு,

உன் கடிதத்தை மூன்று பேருக்குப் படித்துக் காட்டினேன். மூன்று பேரும் சிரித்தார்கள். ஒரு சுவரை எழுப்பித் தெருவையே மிரட்டப் போகிறாயா? வேண்டாம். நான் சொல்வதைக் கேள்.

நீ கேட்கமாட்டாய். அதனால் இதையும் எழுதுகிறேன். செங்கல்லை நம்பாதே, கருங்கல் வை. அடித்தளம் இடுப்பளவு ஆழம் இருக்கட்டும், அங்கே மண் இளகல். தெருவுக்கு நேர் எதிராக நிறுத்தாதே, நெஞ்சை நிமிர்த்தி நிற்பவன்தான் முதலில் அடிபடுவான். வாய்க்கால் பக்கம் சாய்ந்த கோணத்தில் கட்டு. வருவது எதுவானாலும் அந்தப் பக்கம் வழுக்கிப் போகட்டும். கொத்தனார் நேராகத்தான் கட்டுவேன் என்று அடம் பிடிப்பான், விடாதே.

கால் பரவாயில்லை.

கிம்டிங்

லூகாங்
ஜூலை 2

அன்புள்ள பெக்லீன் அப்பாவுக்கு,

சுவர் எழுந்துவிட்டது. நீங்கள் சொன்னபடியே கருங்கல், வாய்க்கால் பக்கம் கோணம். கொத்தனார் இரண்டு முறை கோபித்துக்கொண்டு போனார், இரண்டு முறையும் நான் சிப்பிக் கஞ்சி கொடுத்துக் கூட்டிவந்தேன். நடுவில் கெடுதலை எதிர்க்கும் கல்லைப் பதித்தோம். மேலே புலித்தலை செதுக்கியிருக்கிறது. சின்சே நல்ல நாள் பார்த்துக் கொடுத்தார். ஊதுவத்தி ஏற்றி, வாத்துக் கறி படைத்தேன். அறிவால் கட்டிய சுவருக்கு எதற்குப் படையல் என்று கேட்பீர்கள். மரியாதை கொடுத்தால் குறைந்தா போய்விடும்?

லோ எதிர்ப்பக்கத்தில் நின்றபடியே குரல் கொடுத்தார். "புலி வளக்குறியே குவட்சியா, தீனிக்கு என்ன பண்ணுவ?" என்றார். "நீங்கதான் தினம் வந்து வம்பு பேசுறீங்களே, அதத் தின்னுக்கும்" என்றேன். தெருவே சிரித்தது. அவரும் சிரித்தார், ஆனால் இந்தப் பக்கம் வரவில்லை.

பெக்லீனுக்கு இருமல் நின்று ஒரு மாதம் ஆகிறது. ராத்திரி லாரி விளக்கு வெளிச்சம் இல்லாமல் நானும் நன்றாகத் தூங்குகிறேன். உங்களையும் தூங்க வைத்திருக்கலாம்.

குவட்சியா

லூகாங்
செப்டம்பர் 20

அன்புள்ளவருக்கு,

புயல் செய்தி கேட்டுத் துடித்திருப்பீர்கள். தந்திக் கம்பங்கள் விழுந்து கிடந்தன, தபாலும் போகவில்லை, அதனால்தான் தாமதம். நாங்கள் நலம். முழுதாக நலம். நடந்ததை அப்படியே சொல்கிறேன்.

திங்கள் மத்தியானம் கடலைத் தடுக்கும் கரை உடைந்தது. தண்ணீருக்கு வழி தேட வேண்டியிருக்கவில்லை, அந்த நேர்த் தெரு திறந்து கிடந்தது. நான் மச்சு ஜன்னலிலிருந்து பார்த்தேன். சிப்பிக் கூடை, கதவு, கைவண்டி எல்லாவற்றையும் உருட்டிக்கொண்டு, ஆள் உயரத்துக்கு, நம் வாசலைக் குறிவைத்து வந்தது. சின்சே சொன்ன அம்பு என்றால் அதுதான். பெக்லீனை இறுக்கிக் கட்டிக்கொண்டேன். கண்ணை மட்டும் மூடவில்லை.

சுவரில் மோதியது. வீடே அதிர்ந்தது. அப்புறம் அந்தத் தண்ணீர் சுவரின் சாய்வில் வழுக்கி, அப்படியே திரும்பி, வாய்க்காலுக்குள் விழுந்தது. அடுத்த அலை வந்தது, அதுவும் திரும்பியது. சுவருக்குப் பின்னால், நம் முற்றத்தில், கணுக்கால் அளவுதான் நின்றது. நான் வாய்விட்டுக் கத்தினேன். அழுகையா சிரிப்பா என்று பெக்லீனைத்தான் கேட்க வேண்டும்.

தெருவில் மற்ற வீடுகளுக்குள் தண்ணீர் ஏறியதும், கூரை வழியாகவும் பின்சந்து வழியாகவும் ஒவ்வொருவராக நம் சமையலறை வாசலுக்கு வந்தார்கள். கடைசியாக லோ வந்தார், முதுகில் அவருடைய அம்மா. அவ்வளவு மழையிலும் வாசற்படியில் காலை வைக்காமல் நின்றார்.

"உள்ள வரலாமா?" என்று கேட்டார்.

"இது என் வீடு. நான் கூப்பிடுறேன், வாங்க" என்றேன்.

அரைத் தெரு நம் கூடத்தில் படுத்தது. யார் எங்கே பாய் விரிப்பது என்று நான்தான் காட்டினேன். பானையில் இருந்த அரிசியையும் இனிப்புக் கிழங்கையும் போட்டுக் கஞ்சி காய்ச்சினேன். யாரும் வீட்டைக் குறை சொல்லவில்லை, கஞ்சியில் உப்பு குறைவு என்று மட்டும் சொன்னார்கள்.

தண்ணீர் வடிந்ததும் சின்சே வந்து சுவரைத் தொட்டுப் பார்த்தார். "நான் சொன்ன கெடுதல் வந்துச்சு. ஆனா நீ அதுக்கு வேற வழி காட்டிட்ட" என்றார். இந்தக் கோணம் யார் சொன்னது என்று கேட்டார். என் வீட்டுக்காரர் என்று சொன்னேன். சொல்லும்போது எனக்குத் தலை கொஞ்சம் நிமிர்ந்துதான் இருந்தது.

உங்களை வா என்று நான் கூப்பிடப் போவதில்லை. வீடு நிற்கிறது. அதை மட்டும் சொல்லிவிட்டேன்.

குவட்சியா

கீலுங்
செப்டம்பர் 26

என் குவட்சியாவுக்கு,

உன் கடிதத்தைத் துறைமுகத்தில் சத்தமாகப் படித்தேன். அன்று சிரித்த மூன்று பேரும் இருந்தார்கள். படித்து முடித்ததும் மேஸ்திரி கேட்டார், "யாருய்யா அந்தச் சுவரைக் கட்டினது?"

"என் பொண்டாட்டி" என்றேன். இன்னொரு முறை கேட்கமாட்டாரா என்று இருந்தது.

மூழ்கிய வீடுகளுக்கெல்லாம் இனி கதவும் கட்டிலும் செய்ய வேண்டியிருக்கும். லோவிடம் சொல், முதல் கதவு அவருக்குத்தான். பெட்டி அடித்தது போதும். மேஸ்திரியிடம் சொல்லிவிட்டேன், உளிப்பையைக் கட்டிவிட்டேன். நாளை காலை ரயில்.

இதற்குப் பதில் எழுதாதே. வாங்கிப் படிக்க நான் இங்கே இருக்கமாட்டேன்.

கிம்டிங்